வசனத்துக்கு ஒரு விலாசம்

எங்கள் பாளையங்கோட்டையில் வேதாகம வசனத்துக்குப் பஞ்சம் கிடையாது. தேதி கிழிக்கிற காலண்டரில் வசனம், ஆட்டோவின் முதுகில் வசனம், கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் வசனம், புது வீட்டு வாசலில் கல்லில் வெட்டின வசனம். விடிந்ததும் போனைத் திறந்தால் சூரியன் உதிக்கிற படத்தோடு வாட்ஸ்அப்பில் நாலைந்து வசனம் வந்து காத்திருக்கும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை கையில் இல்லாத ஆளே இருக்க மாட்டார். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-ல் இந்த ஊருக்கு வந்தார், 1826-ல் ஊசிக்கோபுரக் கோயில் எழும்பியது. அன்றிலிருந்து எத்தனை தலைமுறை வசனம் கேட்டு வளர்ந்திருக்கிறோம்! ஆனாலும் காலையில் வாசித்த வசனம் பதினோரு மணிக்கு எங்கே என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்போம்.

நான் பலசரக்குக் கடைக்காரி. நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து கடை பார்க்கிறோம். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் இறக்குவோம். அமைதியான அறை, திறந்த ஜன்னல், ஒரு மணி நேரத் தியானம் எல்லாம் புத்தகத்தில் எழுத நன்றாக இருக்கும். பால் பாக்கெட்டுக்கு ஆள் நிற்கிற வாசலில் அது நடக்காது. சபையில் கல்யாணமாகி வந்த இளம் பெண்கள், “ஆன்ட்டி, வாசிக்கிறேன், அப்புறம் மறந்தே போயிடுது” என்று கேட்கும்போது நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நின்றுகொண்டே பிழைக்கிறவர்களுக்கான வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒன்றுதான். ஒரு வசனத்தை வாசித்ததும் அதற்கு விலாசம் எழுதுங்கள். இன்றைக்கு யாரிடம், எந்த நேரத்தில், எந்த வேலையில் இந்த வசனம் போய்ச் சேர வேண்டும்? விலாசம் இல்லாத கடிதம் எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் எழுதினவர் வீட்டு மேசையிலேயேதான் கிடக்கும்.

எவ்வளவு வாசிப்பது

வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நினைத்தால் தினம் மூன்று நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். அது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் அதையும் தியானத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். லேவியராகமத்தில் நாலு அதிகாரம் ஓட்டமாக ஓடிவிட்டு, “இன்றைக்குக் கர்த்தர் என்ன பேசினார்” என்று கேட்டால் மூச்சு வாங்குவதுதான் மிச்சம். ஓட்ட வாசிப்பு ராத்திரிக்கு இருக்கட்டும். காலைக்கு ஒரு பத்தி போதும், அதில் ஒரு வசனம் போதும்.

எதிலிருந்து தொடங்குவது? நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருக்கிறது. தேதி என்னவோ அந்த அதிகாரம், எந்த அட்டவணையும் வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் பின்னால் ஓடிப் பிடிக்கவும் வேண்டாம். அன்றைய தேதிக்குப் போய்விடுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போன பிறகு லூக்கா, அப்புறம் யாக்கோபு. சங்கீதம் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்குகிற வீரர்களும் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம்.

வாய்விட்டு வாசியுங்கள். அடுப்படியில் உலை கொதிக்கும் சத்தத்துக்கு மேலே உங்கள் காதில் விழுகிற அளவுக்குச் சத்தம் இருந்தால் போதும். நம் கையில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் மிஷனரி பவர் ஐயர் காலத்தில் வந்தது. அதன் ஓசை வாயில் நன்றாக ஒட்டும். ஒரு வரி பிடிபடவில்லை என்றால் 1995-ல் வந்த புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைத் திறந்து அதே இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மேலேயும் கீழேயும் பாருங்கள்

விலாசம் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும். எடுத்த வசனத்துக்கு மேலே ஐந்து வசனம், கீழே ஐந்து வசனம் வாசியுங்கள். யார் யாருக்குச் சொன்னது, எந்த நிலைமையில் சொன்னது என்று தெரியாமல் வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் அது நாம் கேட்க விரும்புகிறதைத்தான் சொல்லும்.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். எரேமியா 29:11: “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” பையனுக்கு வேலை, மகளுக்கு வரன், வங்கிக் கடன் என்று இந்த ஒரு வசனத்தின் தலையில் ஏற்றாத பாரம் இல்லை. சரி, இப்போது மேலே போங்கள். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். ஊருக்குத் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. அதாவது, அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் பலர் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதற்கும் மேலே 5-ஆம் வசனம்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். 7-ஆம் வசனம்: “நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்.”

இப்போது விலாசம் எழுதிப் பாருங்கள். 11-ஆம் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் “எனக்கு நல்லது நடக்கும்” என்பதோடு முடிந்திருக்கும். 7-ஆம் வசனத்துக்கு வந்ததும் வேலை கைக்கு வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு மழைக்குத் தண்ணீர் நிற்கும். எதிர்வீட்டில் இருப்பவர்கள் முஸ்லிம்கள், பக்கத்து வீட்டில் அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற அண்ணாச்சி. வாய்க்கால் எல்லோருக்கும் சேர்த்துத்தானே அடைக்கிறது? மாநகராட்சிக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். கடை வைத்திருக்கிற எனக்குத்தான் தெருவில் எல்லோரையும் தெரியும். அன்றைக்கு எரேமியா 29:7-க்கு விலாசம், மனுத்தாளும் பேனாவும் கடை மேசைமேல்.

பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான். “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பேனாப் பெட்டியில் ஒட்டியிருப்போம். தப்பில்லை, பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும். ஆனால் 12-ஆம் வசனத்தில் பவுல் பேசுவது “திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும்” கற்றுக்கொண்டதைப் பற்றி. எழுதினது காவலில் இருந்துகொண்டு. ஆகவே அந்த வசனம் மார்க் வாங்குகிற நாளைவிட மார்க் குறைந்த நாளுக்கு இன்னும் பொருத்தம்.

விலாசம் எழுதுகிற விதம்

எங்கள் கடையில் சோப்பு வருகிற அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்ளங்கை அளவு துண்டுகளாக வெட்டி வைத்திருப்பேன். ஒரு பக்கம் வசனம், மறு பக்கம் விலாசம். கல்லாப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் செருகிவிடுவேன். ஒவ்வொரு தடவை சில்லறை எடுக்கும்போதும் கண்ணில் படும். நோட்டுப் புத்தகம் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அழகான நோட்டு அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அட்டைத்துண்டு வேலை நடக்கிற இடத்திலேயே கிடக்கும். ஆபீஸில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டலாம், ஆட்டோக்காரர் மீட்டர் பக்கத்தில் செருகலாம்.

தேதி 11 என்று வையுங்கள். நீதிமொழிகள் 11:1: “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.” இதை வாசித்து “ஆமென், நான் நேர்மையாக இருப்பேன்” என்று எழுதினால் அது விலாசம் ஆகாது. நேர்மை என்பது எந்தத் தெரு? கடைக்குள் நடந்துபோய்த் தராசுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

எங்களுடையது மின்னணுத் தராசு, ஐந்து ஐந்து கிராமாகக் காட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை தொழிலாளர் துறையிலிருந்து பரிசோதித்து முத்திரை போட வேண்டும். முத்திரை போட்ட தராசு பொய் சொல்லாது. ஆனால் அதன்மேல் வைக்கிறது யார்? உடன்குடிக் கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வரும். கொட்டானோடு தூக்கித் தட்டில் வைத்தால் ஓலையின் எடையும் கருப்பட்டி விலைக்குப் போய்விடும். முதலில் வெறும் கொட்டானை வைத்து, ‘டேர்’ பொத்தானை அமுக்கி, எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகு கருப்பட்டியைப் போட வேண்டும். இரண்டு விநாடி வேலை. கூட்ட நேரத்தில் அந்த இரண்டு விநாடிதான் பறிபோகும். கடுகு, சீரகம், ஏலக்காய் போன்ற விலை கூடின சாமானுக்குக் கனமான காகிதப்பை போட்டால் பையின் எடையே காசு. அப்புறம் எண்ணெய். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். வாங்குகிறவர் கிலோ என்று கேட்க, நாம் லிட்டர் அளவையில் ஊற்றிக் கிலோவுக்கான விலையை வாங்கினால் தராசு பக்கமே போகாமல் கள்ளத்தராசு நடந்துவிடுகிறது.

ஆகவே 11-ஆம் தேதி அட்டையின் மறுபக்கத்தில் நான் எழுதுவது: “மாலை 6 முதல் 8, கூட்டத்தில், கொட்டானுக்கு டேர்.” பார்த்தால் ஆன்மிகமாகவே தெரியாது. வேதபாட வகுப்பில் வாசித்தால் சிரிப்பார்கள். ஆனால் சரியான விலாசம் இப்படித்தான் இருக்கும்: நேரம் இருக்கும், இடம் இருக்கும், கை செய்ய வேண்டிய ஒரு அசைவு இருக்கும். தினமும் மாலையில் ஒரு ஆச்சி வருவார்கள். தராசின் எண்ணைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கொட்டான கழிச்சியா?” என்று கேட்பார்கள். அந்த ஆச்சி வேதாகமத்தைத் தொட்டதே கிடையாது. நீதிமொழிகள் 11:1 அவர்கள் வாயிலிருந்து எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னும் சில விலாசங்களைச் சொல்கிறேன். எழுதுகிற விதம் பிடிபட இவை உதவும்.

நீதிமொழிகள் 3:28: “உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே.” மொத்த வியாபாரியின் வசூல் பையன் சைக்கிளில் வந்து நிற்பான். கல்லாவில் பணம் இருந்தாலும் “நாளைக்கு வாப்பா” என்று சொல்வது வியாபாரத்தில் வழக்கம்; இரண்டு நாள் பணம் நம் கையில் சுழலுமே. 3-ஆம் தேதியின் விலாசம் அந்தப் பையன்.

லேவியராகமம் 19:13: “கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.” லோடு இறக்குகிறவர்கள், பொட்டலம் மடிக்க வருகிற பெண். பெரிய கணக்கெல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் அவர்களைக் கூப்பிடுவதற்குப் பதில், கடை அடைக்கும் முன் முதல் கணக்காக அவர்கள் கூலி. வசனம் 3000 வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கலாம். சனிக்கிழமை ராத்திரிக்கு அப்படியே பொருந்துகிறது.

நீதிமொழிகள் 20:14 என்னைச் சிரிக்க வைக்கிற வசனம்: “கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்.” எங்கள் கடையில் வந்து நின்று பார்த்து எழுதினதுபோல் இருக்கும். துவரம்பருப்பை விரலால் கிளறி, முகத்தைச் சுளித்து, “போன தடவை கொடுத்தது நல்லா இருந்துச்சு” என்பார்கள். போன தடவையும் இதே வசனம்தான் சொல்லியிருப்பார்கள். இதற்கு விலாசம் மாறும். விற்கிற நேரத்தில் நான் பொறுத்துக்கொள்ள, மீன் வாங்கப் போகிற நேரத்தில் என் வாயை அடக்க. மீன்காரம்மாவிடம் நானும் அதே “நல்லதல்ல” கட்சிதானே.

கோபத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” என்கிற நீதிமொழிகள் 15:1 எல்லோருக்கும் மனப்பாடம். யாரிடம் என்று எழுதும்போதுதான் வலிக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் மெதுவாகப் பேசுவது வியாபாரத் தந்திரம், அதற்கு வேதாகமம் தேவையில்லை. வீட்டுக்காரர் கணக்கில் ஒரு கேள்வி கேட்டால், அத்தை சாம்பாரில் உப்பு பார்த்து ஒன்று சொன்னால், அப்போது வருகிற பதிலுக்குத்தான் இந்த வசனம். பெயரைப் போட்டே எழுதுங்கள். அட்டையை யாரும் பார்க்கக் கூடாது என்றால் முதல் எழுத்து மட்டும்.

கையோடு கட்டுவது

மனப்பாடம் நம் ஞாயிறு பள்ளிக்காரர்களுக்குப் பெரிய விஷயமில்லை. வசனம் ஒப்புவித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்காத பிள்ளை உண்டா? ஆனால் அப்போது படித்தது மேடைக்கு. இப்போது வேண்டியது வேலைக்கு. அதனால் தினமும் கை செய்கிற ஏதாவது ஒன்றோடு வசனத்தைக் கட்டிவிடுங்கள். ஷட்டர் தூக்கும்போது ஒரு வரி, பாத்திரம் கழுவும்போது ஒரு வரி, பஸ்ஸில் ஏறும்போது ஒரு வரி. சங்கீதம் 141:3 ஷட்டருக்கு மிகப் பொருத்தம்: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்.” ஷட்டர் மேலே ஏறுகிற அந்தக் கடகட சத்தத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம்.

இந்த வித்தையை நம் பாட்டிமார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பிடி அரிசிக் காணிக்கை வேறென்ன? உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட வேண்டும். கர்த்தருக்கு என்று சேர்ந்த அரிசி கோயிலுக்குப் போகும். எங்கள் அத்தை இன்னும் விடவில்லை. அடுப்படி மூலையில் ஒரு அலுமினியத் தூக்குவாளி, அதற்கு வேறு உபயோகமே கிடையாது. வீட்டில் அரிசி தட்டுப்பாடான காலத்திலும் பிடி கொஞ்சம் சிறிதாகியதே தவிர நிற்கவில்லை என்று சொல்வார்கள். “அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்” என்கிற 2 கொரிந்தியர் 9:7-ஐ அத்தையிடம் கேட்டால் அதிகாரம், வசனம் எல்லாம் சொல்ல வராது. கை தானாக வாளிக்குப் போகும்.

யார் பக்கம் திருப்புவது

விலாசத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள். செய்ய வேண்டியது நீங்களாக இருக்க வேண்டும். “இன்றைய வசனம்: பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள். விலாசம்: என் மகன்” என்று எழுதுவதற்குக் கை பரபரக்கும். எபேசியர் 6:1-ஐ மகன் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று வசனம் தள்ளி 6:4-ல் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பெரியவர்களுக்கு இருக்கிறதே, அதற்கு விலாசம் எழுதுங்கள். ஆளைக் குத்துவதற்காகவே குடும்ப ஜெபத்தில் வசனம் தெரிந்தெடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மருமகள் இருக்கும்போது குணசாலியான மனைவியைப் பற்றின நீதிமொழிகள் 31, கடன் வாங்கின கொழுந்தன் வந்திருக்கும்போது கடனைத் திருப்பித் தராதவனைப் பற்றின சங்கீதம் 37:21. கேட்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும், வேதாகமம் மூடினதும் மனதும் மூடிக்கொள்ளும்.

துக்க வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். சின்ன வயதில் கணவனைப் பறிகொடுத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்று ரோமர் 8:28-ஐச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வசனம் உண்மைதான். அந்த நேரத்துக்கு வேதாகமத்திலேயே வேறு வசனம் இருக்கிறது. “மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போலவும், வெடியுப்பின்மேல் வார்த்த காடியைப்போலவும் இருப்பான்” என்கிறது நீதிமொழிகள் 25:20. பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. துக்க வீட்டுக்கு ரோமர் 12:15 எடுத்துக்கொண்டு போங்கள், “அழுகிறவர்களுடனே அழுங்கள்.” கையில் ஒரு பால் பாக்கெட்டும் காபித்தூளும் இருந்தால் இன்னும் நல்லது. வருகிற ஜனத்துக்கெல்லாம் காபி போட அந்த வீட்டில் யாராவது அலைந்துகொண்டிருப்பார்கள்.

கடையில் நிற்கிறவர்களிடம் நான் வசனம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. பருப்பு வாங்க வந்தவர் பருப்பு வாங்கிவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி. கேட்டால் சொல்வேன். காலண்டரில் இருக்கிற வசனத்தை வாசித்துவிட்டு “இதுக்கு என்ன அர்த்தம்க்கா?” என்று கேட்ட பிள்ளைகள் உண்டு.

ராத்திரிக் கணக்கு

கடை அடைத்ததும் கல்லாவை எண்ணுவோம். அப்போது மூடியிலிருந்து அட்டையை எடுத்து மறுபக்கத்தைப் பார்ப்பேன். கேள்வி ஒன்றே ஒன்று: போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் ஸ்தோத்திரம். சேரவில்லை என்றால் என்ன தடுத்தது என்று ஒரு வார்த்தை எழுதுவேன். “கூட்டம்.” “அலுப்பு.” “ரோஷம்.” அவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதி நம்மை நாமே அடித்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் ஒரு ருசி வந்துவிடும், மறுநாள் திருந்துவதைவிட ராத்திரி அழுவது சுலபம் என்று மனது பழகிவிடும். சங்கீதம் 4:4 சொல்வது சுருக்கமானது: “உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்.”

சேராத அட்டையை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் புது வசனம் வேண்டாம், அதே அட்டையை அதே இடத்தில் செருகுங்கள். ஒரே வசனம் ஒரு வாரம் கல்லாவில் கிடந்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு மாதம் கழித்து அட்டைகளைப் பரப்பிப் பார்த்தால் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்திருக்கும். எனக்கு “அலுப்பு.” அதற்கு மருந்து இன்னொரு வசனம் இல்லை, சாயங்காலக் கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் காலை நீட்டிப் படுப்பது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். களைத்துப்போன அம்மாமார் எல்லோரும் வாசிக்க வேண்டிய இடம்.

ஒன்றும் ஏறாத நாட்கள்

வரும். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிற மாதங்களில், கடன்காரர் வாசலில் நிற்கிற வாரங்களில், எந்த வசனத்தைப் பார்த்தாலும் வெறும் எழுத்தாக இருக்கும். அந்த நாட்களில் விலாசம் எழுதாதீர்கள். 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து, “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தாவீதின் வாயால் கேளுங்கள். அதுவும் போதாத அளவுக்கு மோசமாக இருந்தால் 88-ஆம் சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதிக்கு வந்துவிடும், 88 வராது. நண்பனும் தோழனும் விலகிப்போனார்கள் என்பதோடு முடிந்துவிடும். அப்படி ஒரு ஜெபத்தையும் வேதாகமத்துக்குள் விட்டு வைத்திருக்கிறார்களே என்பதே எனக்குப் பல நாள் தெம்பு. வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடலாம். சந்தோஷ முகம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், தூக்கம் போய்விட்டது என்றால் டாக்டரையும் பாருங்கள்.

வேறு தொழில்களுக்கு

கடைக்காரி கடை வசனமாகவே அடுக்கிவிட்டாள் என்று நினைப்பீர்கள். யோவான் ஸ்நானகனிடம் வந்தவர்களும் “நாங்கள் என்ன செய்ய வேண்டும்” என்று தொழிலை வைத்துத்தான் கேட்டார்கள், அவரும் தொழிலை வைத்துத்தான் பதில் சொன்னார். லூக்கா 3-ஆம் அதிகாரம். வரி வசூலிக்கிறவர்களுக்கு, “உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்.” சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் இருப்பவர்கள் இதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாம். போர்ச்சேவகருக்கு, “ஒருவருக்கும் இடுக்கண்செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும், உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்.” காக்கி போட்டவர்களுக்கு விலாசமே எழுத வேண்டாம், வசனத்திலேயே இருக்கிறது.

வாத்தியார்களுக்கு யாக்கோபு 2:1 முதல் 4 வரை, பொன்மோதிரம் போட்டு வந்தவனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்கிற பகுதி. விலாசம், கடைசி பெஞ்சு. வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கு யாத்திராகமம் 22:26, அடகு வாங்கின போர்வையைப் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற வசனம். காலி செய்கிறவர்களின் அட்வான்ஸ் பணத்தை இழுத்தடிக்கிறவர்கள் அன்றைக்கே உட்கார்ந்து வாசிக்கலாம். நர்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு மாற்கு 5:30 முதல் 34 வரை. சாகக் கிடக்கிற மகளைப் பார்க்க அவ்வளவு அவசரமாக யவீருவின் வீட்டுக்குப் போகிற வழியில், கூட்டத்துக்கு நடுவே தொட்டது யார் என்று இயேசு நின்று கேட்டு, தொட்ட நோயாளி அம்மா சொன்னதை முழுவதும் கேட்கிறார். விலாசமாக ஒரு கட்டில் எண் போதும்.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறேனே என்கிறவர்களுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் இருக்கிறார். மாடிப்படி ஏறி இறங்குகிறார். மத்தேயு 10:42, “ஒரு கலசம் தண்ணீர்.” வெயில் காலத்தில் பானையில் எடுத்து வைத்துவிட்டு, அவர் வருகிற நேரத்தை அட்டையில் எழுதுங்கள்.